புதுச்சேரி சிறை: கொடி மாறியது, பதிவேடு மாறியதா?

புதுச்சேரி நேரு வீதிக்குத் துணி எடுக்க வருகிறவர்கள் வண்டியை எங்கே விடுவது என்று கேட்டால், ‘பழைய ஜெயிலில் விடுங்கள்’ என்று யாராவது கை காட்டுவார்கள். சிறை காலாப்பட்டுக்குப் போய்ப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. இடத்தின் பெயர் மட்டும் மாறவில்லை. தீபாவளி நெருக்கத்தில் அங்கே வண்டியை நிறுத்திவிட்டுப் போகிற ஆயிரக்கணக்கானவர்களில், இந்த மதிலுக்குள் யார் இருந்தார்கள் என்று கேட்கிறவர்கள் அரிது. கேட்டாலும் சொல்வதற்கு ஒரு கல்வெட்டோ பலகையோ கிடையாது.

புதுச்சேரி தன் பழமையை விற்றுப் பிழைக்கும் ஊர். வெள்ளை நகரத்தின் மஞ்சள் சுவர்களுக்கும் பிரெஞ்சுத் தெருப்பெயர்களுக்கும் வழிகாட்டிகள் உண்டு. தூதரகம் இருந்த வீடு, ஆளுநர் மாளிகை, தேவாலயம் எல்லாவற்றுக்கும் கதை உண்டு. சிறைக்கு மட்டும் கதை இல்லை. அங்கே அடைபட்டவர்கள் எழுதத் தெரியாதவர்களாக, எழுதினாலும் யாரும் பாதுகாக்காதவர்களாக இருந்ததுதான் காரணம் என்று நாங்கள் நினைக்கிறோம். ஒரு சிறையின் வரலாற்றை அதன் கட்டடத்திலிருந்து எழுதினால் பாதிதான் கிடைக்கும். உள்ளே வருகிறவனிடம் முதலில் என்ன கேட்டார்கள், அவனை எங்கே படுக்க வைத்தார்கள், அவன் கையில் கரண்டி கொடுத்தார்களா துடைப்பம் கொடுத்தார்களா என்பதிலிருந்து எழுதினால்தான் மீதி தெரியும். இந்தக் கட்டுரை அந்த முயற்சி.

ஒரே ஆணையில் இரண்டு நீதி

பிரெஞ்சு ஆட்சி என்றதும் நம் ஊரில் சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று மூன்று சொற்களைச் சொல்வார்கள். அந்தச் சொற்கள் பிறப்பதற்கு முன்பே புதுச்சேரியில் சமத்துவத்துக்கான போராட்டம் ஒன்று நடந்திருக்கிறது. 1745இல் சம்பா கோவிலுக்குள் சாதிக் கிறித்தவர்களையும் பறையர் கிறித்தவர்களையும் பிரித்து ஒரு சுவர் இருந்தது. பறையர் கிறித்தவர்கள் பாதிரியாரிடம் போய் நியாயம் கேட்டதையும், சுவர் இடிக்கப்பட்டதையும் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். எழுதியவர் நம் பக்கத்து ஆள் அல்லர். ஆனாலும் அந்தக் குறிப்பு நமக்குக் கிடைத்த பெரிய சான்று. பிரெஞ்சுப் புரட்சிக்கு 44 ஆண்டுகளுக்கு முன், வழிபாட்டு இடத்தில் நின்ற ஒரு மதிலைக் கேள்வி கேட்டுத் தகர்க்க வைத்தவர்கள் இந்த ஊர்ச் சேரி மக்கள்.

புரட்சிக்குப் பிறகு வந்த பிரெஞ்சு அரசு என்ன செய்தது? 1819 ஜனவரி 6ஆம் தேதி ஓர் ஆணை வந்தது. பிரான்சின் சட்டத் தொகுப்புகள் பிரெஞ்சு இந்தியாவுக்குள் நுழைந்தது அந்த ஆணையால்தான். அதே ஆணை, இந்தியர்கள் முன்போலவே அவரவர் சாதியின் சட்டப்படியும் வழக்கப்படியும் தீர்ப்பளிக்கப்படுவார்கள் என்றும் சொன்னது. குற்றத்துக்குத் தண்டனை பிரெஞ்சுச் சட்டப்படி. குடும்பம், சொத்து, வாரிசு, சாதித் தகராறு ஆகியவை ‘மாமூல்’படி. அந்த மாமூல் எது என்று அரசுக்கு எடுத்துச் சொல்ல 1827இல் இந்தியர்களைக் கொண்ட ஓர் ஆலோசனைக் குழுவும் அமைக்கப்பட்டது. சாதியின் வழக்கத்தை அரசுக்கு எடுத்துச் சொல்லும் தகுதி அந்தக் காலத்தில் யாருக்கு இருந்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இதன் விளைவு நீதிமன்ற வாசலிலேயே தெரிந்தது. 1873இல் வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை காலணி அணிந்து நீதிமன்றத்துக்குள் வந்ததற்காகத் தடுக்கப்பட்டார். அவர் பாரிஸ் வரை போய் வென்றார். புதுச்சேரி வரலாற்றில் இது பெருமையாகச் சொல்லப்படும் நிகழ்ச்சி, பெருமைக்குரியதும்தான். ஆனால் ஊர்த்தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வைக்கப்பட்ட நம் பாட்டன்களுக்கு மேல்முறையீடு செய்ய எந்த பாரிஸும் இருக்கவில்லை. 1881 செப்டம்பர் 21 ஆணை ஒரு வாசலைத் திறந்தது. சாதி வழக்கத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்றுப் புதிய குடும்பப் பெயரை எடுத்துக்கொள்ளலாம் என்றது. தலித் கிறித்தவர்கள் பலர் அந்த வாசல் வழியே போனார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து ‘சொல்தா’ ஆனார்கள். சாதியை அரசாங்கப் பதிவேட்டில் துறக்கலாம் என்று ஒரு சட்டம் சொன்னதும் அதை உடனே பிடித்துக்கொண்டவர்கள் யார் என்பதே ஒரு செய்தி. பதிவேட்டில் என்ன எழுதப்படுகிறது என்பது நமக்கு என்றைக்குமே வெறும் காகித விஷயமாக இருந்ததில்லை.

தியாகியின் சிறை, திருடனின் சிறை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புதுச்சேரி, பிரிட்டிஷ் சிறைக்குத் தப்பி வந்தவர்களின் ஊர். 1908இல் பாரதியார் வந்தார். அலிப்பூர் சிறையில் ஓராண்டு இருந்துவிட்டு 1910இல் அரவிந்தர் வந்தார். எல்லைக்கு அந்தப் பக்கம் கைது, இந்தப் பக்கம் அடைக்கலம். 1918 நவம்பரில் பாரதியார் எல்லை தாண்டியதும் பிடிபட்டு, மூன்று வாரங்களுக்கு மேல் கடலூரில் சிறை வைக்கப்பட்டதை எல்லோரும் அறிவோம். அவர் வாழ்ந்த வீடு இன்று நினைவில்லம்.

இதைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. அரசியல் காரணத்துக்காகச் சிறை சென்றவர்களின் நினைவுதான் நம் சமூகத்தில் சிறை பற்றிய மொத்த நினைவும் ஆகிவிட்டது என்பதைச் சுட்டிக்காட்டத்தான். ‘சிறை சென்ற செம்மல்’ என்று சுவரொட்டி அடிக்கும் ஊரில், ‘ஜெயிலுக்குப் போனவன்’ என்றால் வீட்டுக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள். அதே எல்லையைத் தாண்டிச் சாராயப் பாக்கெட் எடுத்துப் போய்க் கடலூர், விழுப்புரம் பக்கம் பிடிபட்ட கூலிக்காரர்கள் எத்தனை தலைமுறையாக இருக்கிறார்கள்? ஒரே எல்லைதான். அதைத் தாண்டிய ஒருவர் வரலாறு. இன்னொருவர் வழக்கு எண்.

விடுதலையோடு வந்த பிரிட்டிஷ் சட்டம்

1954 அக்டோபர் 18இல் கீழூரில் வாக்கெடுப்பு. நவம்பர் 1இல் ஆட்சி மாற்றம். 1962 ஆகஸ்டு 16இல் சட்டப்படியான இணைப்பு. 1963 அக்டோபர் 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம் உள்ளிட்ட இந்தியச் சட்டங்கள் ஓர் ஒழுங்குவிதியின் மூலம் இங்கே நீட்டிக்கப்பட்டன. 1894ஆம் ஆண்டின் சிறைச் சட்டமும் அப்படித்தான் வந்தது. பிறகு 1969இல் புதுச்சேரிக்கெனச் சிறை விதிகள் வந்தன.

இதில் உள்ள முரணைக் கவனிக்க வேண்டும். பிரிட்டிஷ்காரன் இடையிடையே பிடித்து வைத்திருந்தாலும் நிலையாக ஆளாத நம் ஊருக்கு, பிரிட்டிஷ்காரன் எழுதிய சிறைச் சட்டம் விடுதலைக்குப் பிறகு வந்து சேர்ந்தது. அந்தச் சட்டம் எந்த மண்ணில் முளைத்தது என்று பார்ப்போம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் கம்பெனி ஆட்சி, சிறைகளில் எல்லோருக்கும் பொதுச் சமையல் என்ற முறையைக் கொண்டுவர முயன்றது. அதுவரை பல இடங்களில் கைதிகள் அவரவர் சாதிப்படி தனித்தனியே பொங்கித் தின்றார்கள். பொதுச் சமையலுக்குப் பெரிய எதிர்ப்பு எழுந்தது. 1855இல் பீகாரின் ஆரா, முசாபர்பூர் சிறைகளில் கைதிகளின் பித்தளைச் செம்புகளைப் பறித்து மண் பாத்திரம் கொடுத்தபோது கலகமே வெடித்தது. தீட்டுப்பட்டால் பித்தளையைத் துலக்கிச் சுத்தமாக்கலாம், மண் பாத்திரத்தை முடியாது என்பது அவர்கள் கணக்கு. 1857க்குப் பிறகு சாதி வழக்கத்தில் கை வைக்க பிரிட்டிஷ் அரசு அஞ்சியது. அந்த அச்சம் சிறைக் கையேடுகளில் விதிகளாக உறைந்தது. யார் சமைக்கலாம், யார் கூட்ட வேண்டும், யார் கழிவறை கழுவ வேண்டும் என்பதெல்லாம் அரசாங்க அச்சில் ஏறின.

பிரிட்டிஷ்காரன் போனான். விதிகள் போகவில்லை. உத்தரப் பிரதேசக் கையேட்டில், வெறுங்காவல் கைதியை இழிவான வேலைக்கு அழைக்கக் கூடாது, அத்தகைய வேலைக்குப் ‘பழக்கப்பட்ட’ சமூகத்தைச் சேர்ந்தவனாக இருந்தாலொழிய என்று இருந்தது. மேற்கு வங்கக் கையேட்டில் துப்புரவாளர்களை எந்தெந்தச் சாதிகளிலிருந்து எடுக்க வேண்டும் என்று பெயர் சொல்லியே எழுதியிருந்தது. இவை 2024 வரை நடப்பில் இருந்த விதிகள். அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்து 70 ஆண்டுகள் கடந்த பிறகும், அரசாங்கமே அச்சடித்து வைத்திருந்த தீண்டாமை இது.

2024 அக்டோபர் 3

பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா 2020இல் இந்தக் கையேடுகளைத் தேடிப் படித்து ஒரு புலனாய்வுக் கட்டுரை எழுதினார். அதைத் தொடர்ந்து ராஜஸ்தான் தன் விதிகளை மாற்றியது. அத்தோடு நிற்காமல் அவர் உச்ச நீதிமன்றம் போனார். 2024 அக்டோபர் 3ஆம் தேதி தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான மூவர் அமர்வு தீர்ப்பளித்தது. சாதிப்படி வேலை பிரிப்பதும், சாதிப்படி கொட்டடி பிரிப்பதும் அரசியல் சட்டத்துக்கு எதிரானவை. எல்லா மாநிலங்களும் ஒன்றியப் பிரதேசங்களும் மூன்று மாதத்துக்குள் தங்கள் சிறை விதிகளைத் திருத்த வேண்டும். கைதிகளின் பதிவேட்டில் சாதிப் பத்தி நீக்கப்பட வேண்டும். கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013 சட்டம் சிறைக்குள்ளும் செல்லும். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணையமும் சிறைப் பார்வையாளர் குழுவும் சேர்ந்து அவ்வப்போது உள்ளே போய்ப் பார்த்து அறிக்கை தர வேண்டும்.

தமிழர்களாகிய நாம் தலைகுனிய வேண்டிய இடம் ஒன்று அந்தத் தீர்ப்பில் உண்டு. பாளையங்கோட்டை மத்திய சிறையில் தேவர், நாடார், பள்ளர் என்று சாதிவாரியாகக் கைதிகளைத் தனித்தனிப் பகுதிகளில் வைத்திருந்த செய்தி அதில் இடம்பெற்றது. நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் சாதி மோதல் அதிகம், ஆகவே பிரித்து வைக்கிறோம் என்பது அரசு சொன்ன காரணம். 2014இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை ஏற்றுக்கொண்டது. உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஒழுங்கைக் காப்பது சிறை நிர்வாகத்தின் வேலை. அதற்காகச் சாதிப் பிரிவினையைச் சிறைக்குள் வளர்க்க முடியாது என்றது. அமெரிக்காவில் கறுப்பர்களைத் தனியே அடைத்து வைத்த சிறைகள் பற்றிய தீர்ப்புகளையும் எடுத்துக்காட்டியது.

‘பாதுகாப்புக்காகப் பிரிக்கிறோம்’ என்ற வாதம் நமக்குப் புதிதல்ல. சம்பா கோவில் சுவரைக் கட்டியவர்களும் அமைதிக்காகத்தான் கட்டினோம் என்று சொல்லியிருப்பார்கள். இரட்டைக் குவளைக்கும் தனிச் சுடுகாட்டுக்கும் சொல்லப்படும் காரணமும் ‘ஊர் ஒற்றுமை’தான். பிரித்து வைத்தும் பாதுகாப்பு கிடைத்ததா? 2021 ஏப்ரலில் அதே பாளையங்கோட்டைச் சிறைக்குள் தேவேந்திரகுல இளைஞர் ஒருவர் சக கைதிகளால் அடித்துக் கொல்லப்பட்டார்.

காலாப்பட்டு

இனி நம் ஊர். கிழக்குக் கடற்கரைச் சாலையில், பல்கலைக்கழகம் இருக்கும் அதே காலாப்பட்டில்தான் மத்திய சிறை இருக்கிறது. காரைக்காலிலும் ஏனாமிலும் சிறு சிறைகள் உண்டு. காலாப்பட்டில் கைதிகள் இயற்கை விவசாயம் செய்வதைப் பற்றிச் செய்திகள் வந்திருக்கின்றன. நல்லதுதான். மண்ணில் வேலை செய்கிற மனிதனுக்கு மனம் கொஞ்சம் ஆறும். ஆனால் ஒரு சிறையை அதன் தோட்டத்தை வைத்து மட்டும் அளக்க முடியாது. உள்ளே வருவது எப்படி, வெளியே போவது எப்படி என்ற இரண்டு வாசல்களையும் பார்க்க வேண்டும்.

நாடு முழுவதும் 2022 இறுதியில் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நான்கில் மூவர் இன்னும் குற்றவாளி என்று தீர்ப்பாகாதவர்கள். மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 16.6 விழுக்காடு, சிறைகளில் ஐந்தில் ஒருவருக்கு மேல். இது நம் மக்கள் அதிகம் குற்றம் செய்கிறார்கள் என்பதைக் காட்டவில்லை. ஒரே குற்றத்துக்கு யாரைத் தேடிப் போலீஸ் முதலில் வருகிறது, பிடிபட்ட பின் யாரால் வெளியே வர முடிகிறது என்பதைக் காட்டுகிறது. புதுச்சேரியில் இருளர்களைப் பழங்குடி என்று ஒப்புக்கொள்ளவே 2016 டிசம்பர் வரை ஆனது. அதுவரை, திருட்டு வழக்கில் ஓர் இருளரைப் பிடித்தால் அவரைப் பழங்குடி என்று சொல்லச் சட்டத்தில் இடமில்லை.

வெளியே போகும் வாசல் ஜாமீன். எங்கள் வேலையில் அடிக்கடி பார்ப்பது இதுதான்: ஜாமீன் உத்தரவு வந்துவிடும், ஆள் வர மாட்டார். இரண்டு ஜாமீன்தாரர் வேண்டும். அவர்கள் பெயரில் சொத்து வேண்டும், வரி ரசீது வேண்டும். புறம்போக்கில் குடிசை போட்டிருக்கும் அம்மா எந்த ரசீதைக் கொண்டுபோவார்? மனு பார்க்க வந்து வரிசையில் நிற்கும் அம்மாக்களிடம் கேட்டால், மகன் என்ன வழக்கில் உள்ளே இருக்கிறான் என்பதைவிட, ஜாமீன் போட எந்தெந்த வீட்டுப் படி ஏறினோம் என்பதைத்தான் நெடுநேரம் சொல்வார்கள். ஏறிய படிகளில் பல, அவர்கள் கூலி வேலை பார்க்கும் ஊர்த்தெரு வீடுகள். கையெழுத்துப் போட்டவர் வயலில் அடுத்த நடவுக்குப் பாதிக் கூலிக்கு இறங்க வேண்டும். ஜாமீன் என்பது நம் ஊரில் பண்ணையடிமையின் புதுப் பத்திரமாகவும் இருக்கிறது.

இதற்குச் சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் ஒருவர் வெளியே வராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் சட்டப்பணிகள் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஒரு மாதத்தில் ஜாமீன்தாரர் கொடுக்க முடியாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்துவதை நீதிமன்றம் தானாகவே பரிசீலிக்கலாம் என்றும் சொன்னது. ஏழைக் கைதிகளுக்கு உதவும் ஒன்றிய அரசின் திட்டத்தில் விசாரணைக் கைதிக்கு ஜாமீனுக்கான உதவியும், அபராதம் கட்ட முடியாத தண்டனைக் கைதிக்கு 25,000 ரூபாய் வரையும் கிடைக்கும். 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479ஆவது பிரிவின்படி, முதல் முறை வழக்கில் சிக்கியவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைச் சிறையில் கழித்துவிட்டால் விடுவிக்கப்பட வேண்டும். ஆயுள், மரண தண்டனைக்குரிய குற்றங்களுக்கும் வேறு வழக்குகளும் நிலுவையில் உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது. சிறையில் இருக்கும் எவருக்கும், பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமான வரம்பு இல்லாமல் இலவச வழக்கறிஞர் உண்டு. இதைப் படிக்கிறவர்கள் தங்கள் தெருவில் மனு பார்க்கப் போகும் வீட்டுக்கு இந்த நான்கையும் எடுத்துச் சொன்னாலே இந்தக் கட்டுரை எழுதியதற்குப் பலன்.

எந்தத் தெரு?

பதிவேட்டில் சாதிப் பத்தி போய்விட்டால் சாதி போய்விடுமா? சில மாதங்களுக்கு முன் சிறையிலிருந்து வெளிவந்த ஓர் இளைஞருடன் பேசிக்கொண்டிருந்தோம். எந்தச் சிறை என்று எழுதவில்லை. அவர் வழக்கு இன்னும் நடக்கிறது. “உன் சாதி என்னன்னு யாரும் கேக்கலண்ணே” என்றார். “எந்த ஊருன்னு கேட்டாங்க. சொன்னேன். எந்தத் தெருன்னு கேட்டாங்க. அவ்வளவுதான்.” மறுநாள் காலையில் அவர் கையில் துடைப்பம் இருந்தது. கூட வந்த ஊர்த்தெருப் பையனுக்குச் சமையற்கட்டு.

யாரும் விதியைக் காட்டிச் செய்யவில்லை. விதி புத்தகத்தில் இருந்தபோதும் இப்படித்தான் நடந்தது. புத்தகத்திலிருந்து எடுத்த பிறகும் இப்படியே நடக்க முடியும். காரைக்கால் முதல் காலாப்பட்டு வரை எந்தக் கிராமத்திலும் தெருப் பெயரே சாதிச் சான்றிதழ். ஆகவே விதியைத் திருத்துவது முதல் படிதான். வேலைப் பட்டியலை எடுத்து, கரண்டி யார் கையில், துடைப்பம் யார் கையில் என்று பார்ப்பதுதான் உண்மையான ஆய்வு.

இங்கே ஒரு சிக்கலும் உண்டு. பதிவேட்டில் சாதியே இல்லை என்றால் பாகுபாட்டை எதை வைத்து நிறுவுவது? தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் சாதிவாரிக் கணக்கு எடுப்பதற்குத் தன் தீர்ப்பு தடையல்ல என்று உச்ச நீதிமன்றமே பின்னர் தெளிவுபடுத்தியது. அது சரியான நிலைப்பாடு என்பதே எங்கள் கருத்து. வேலை பிரிக்கும் வார்டர் கையில் சாதி இருக்கக் கூடாது. அந்த வார்டரைக் கணக்குக் கேட்கும் மக்கள் கையில் அது இருக்க வேண்டும்.

எங்கள் கோரிக்கைகள் இவை:

1. 2024 தீர்ப்பின்படி புதுச்சேரி சிறை விதிகளில் செய்யப்பட்ட திருத்தங்களைத் தமிழில் அச்சிட்டு, சிறை வாசலிலும் கொட்டடிகளிலும் ஒட்ட வேண்டும்.

2. சட்டப்பணிகள் ஆணையம், பார்வையாளர் குழு ஆகியவற்றின் கூட்டாய்வு அறிக்கைகளை வெளியிட வேண்டும். அவற்றில் வேலைப் பங்கீடு தனித் தலைப்பாக இடம்பெற வேண்டும்.

3. ஜாமீன் கிடைத்தும் ஏழு நாளுக்கு மேல் உள்ளே இருப்பவர்களின் எண்ணிக்கையை மாதந்தோறும் அறிவிக்க வேண்டும்.

4. பார்வையாளர் குழுவில் தலித், பழங்குடி அமைப்புகளிலிருந்து உறுப்பினர்கள் இருக்க வேண்டும்.

5. நேரு வீதியில் பழைய ஜெயில் நின்ற இடத்தில் ஒரு பலகையாவது வைக்க வேண்டும். அதில் தலைவர்களின் பெயர்களோடு, பெயர் தெரியாத கைதிகளும் இங்கே இருந்தார்கள் என்று ஒரு வரி எழுத வேண்டும்.

1745இல் சுவரை இடிக்கச் சொன்னவர்களின் பெயர்களும் நமக்குத் தெரியாது. சுவர் இருந்ததும் அது விழுந்ததும் தெரியும். இன்றைய சுவர் கண்ணுக்குத் தெரியும்படி கல்லால் கட்டப்படவில்லை. ‘எந்தத் தெரு’ என்ற ஒரு கேள்வியால் கட்டப்படுகிறது. அதையும் போய்க் கேட்டால்தான் இடிப்பார்கள்.

ஜெய் பீம்.